காலிச் சாக்கின் எடை

எங்கள் தேயிலைத் தோட்டப் பிரிவில், அதாவது டிவிஷனில், கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள். மழை நாளில் மூன்று கிலோ. ஒரு நாளைக்கு மூன்று நிறுவை. அம்மா காலத்திலும் அப்படித்தான், பாட்டி காலத்திலும் அப்படித்தான் என்பதால் யாரும் கேட்டதில்லை. 2014 ஜூன் மாதம், நல்ல மழையில், என் சித்தி தராசு முன்னால் போய் நின்று, "தம்பி, அந்தக் காலிச் சாக்கை ஒரு தடவை மாட்டிப் பாருங்க" என்றார். சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டேதான் மாட்டினார். சொட்டச் சொட்ட நனைந்த சாக்கு. முள் ஒன்றரை கிலோவில் நின்றது. வரிசையில் இருந்த நாற்பது பெண்களும் அதைப் பார்த்தார்கள். ஒருவரும் பேசவில்லை.

அன்று ராத்திரி சித்தி வீட்டுத் திண்ணையில் ஆறேழு பேர் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு நிறுவைக்கு ஒன்றரை கிலோ கூடுதலாகக் கழித்தால், மூன்று நிறுவைக்கு நாலரை கிலோ. ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்துதான் ஃபேக்டரியில் ஒரு கிலோ தேயிலையாக வெளியே வரும். மழை நாளில் ஒவ்வொரு பெண்ணும் தினம் ஒரு கிலோ தேயிலையைச் சும்மா கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். நாற்பது பேர் என்றால் நாற்பது கிலோ. எங்கள் மலையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை விடாத மழை.

நான் கேரளத்து இடுக்கி மாவட்டத்தில், வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். 2004-லிருந்து தொழிற்சங்க வேலை செய்கிறேன். சித்தி சாக்கை மாட்டச் சொன்னதற்கு முந்தைய பத்து வருஷமும் நான் வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தேன். முதலாளித்துவம் என்றால் என்ன, ஏகாதிபத்தியம் என்றால் என்ன என்று உலகத்தின் அந்தக் கோடியில் ஆரம்பித்து, ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேருவேன். அதற்குள் முன்வரிசைப் பெண்களுக்குக் கண் சொருகிவிடும். விடியற்காலை நாலரைக்கு எழுந்தவர்கள் அவர்கள். சோஷலிசம் அவர்களுக்கு வேண்டாத விஷயம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எங்கே தொடங்க வேண்டும் என்பதில்தான் தப்பு செய்தேன், அதற்குப் பத்து வருஷம் போனது.

அந்தத் தராசு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் முதல் பெண்கள் எல்லோரும் காலிச் சாக்கை முதலில் மாட்டச் சொன்னார்கள். ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. அப்புறம் ஒரு தற்காலிகத் தொழிலாளி, இருபத்திரண்டு வயசுப் பெண், எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டாள். எங்களுக்கும் அது சந்தோஷமாக இருந்தது, தட்டிக்கொடுத்தோம். அடுத்த திங்கட்கிழமை மஸ்டரில், காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது, அவள் பெயரைக் கூப்பிடவில்லை. தற்காலிகம்தானே, காரணம் சொல்ல வேண்டிய அவசியமே நிர்வாகத்துக்கு இல்லை. மறுபடி அவளை வேலைக்குச் சேர்க்க ஏழு வாரம் ஆனது. அந்த ஏழு வாரமும் வரிசையில் நின்றவர்கள் ஆளுக்குப் பத்து, இருபது போட்டு அவள் வீட்டு அரிசியைப் பார்த்துக்கொண்டோம். அதிலிருந்து ஒரு முடிவு வைத்திருக்கிறோம்: நிரந்தர வேலையில் இருப்பவர்கள், அதிலும் ரிட்டையர் ஆக இரண்டு மூன்று வருஷம் இருப்பவர்கள்தான் முன்னால் நின்று கேட்க வேண்டும். தற்காலிகப் பெண்கள் பின்னால் நின்றால் போதும். தைரியசாலியை முன்னால் தள்ளிவிடுவது எளிது. அவள் வீட்டு அடுப்பைப் பற்றி முதலில் யோசித்துவிட்டுத் தள்ள வேண்டும்.

கொழுந்துக் கணக்கை அப்படியே டீ கிளாஸுக்குக் கொண்டுபோனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் துணி துவைத்துக்கொண்டே பேசியதுதான் பாடம். ஒரு நாளைக்கு எடுத்தே ஆக வேண்டிய கொழுந்து 21 கிலோ. அது நாலரை கிலோவுக்குக் கொஞ்சம் மேல் தேயிலை. ஒரு கிலோவுக்குத் தாராளமாக 400 கிளாஸ் டீ போடலாம். அப்படியானால் ஒரு பெண்ணின் ஒரு நாள் வேலை சுமார் 1,850 கிளாஸ் டீ. குமுளி பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்போது ஒரு டீ 8 ரூபாய். பெருக்கிப் பார்த்தால் பதினாலாயிரத்துக்கு மேல் போகிறது. கூலியோ இருநூற்றிச் சொச்சம், முப்பது கிளாஸ்கூட வராது.

"அப்ப டீக்கடைக்காரர்தான் கொள்ளை அடிக்கிறாரா தாயி?" என்று எழுபது வயசுப் பாட்டி ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. இதுமாதிரி கணக்குச் சொல்லப் போகிறவர்கள் இதற்குப் பதிலை யோசித்துக்கொண்டு போங்கள். அந்த 8 ரூபாயில் பால் இருக்கிறது, சீனி இருக்கிறது, கேஸ் இருக்கிறது, கடை வாடகை இருக்கிறது, விடியக் காலையிலிருந்து நின்று ஆற்றும் அவருடைய உழைப்பும் இருக்கிறது. அவர் தேயிலையை வாங்குவதே பாக்கெட்டாகத்தான். தோட்டத்துக்கும் அந்தப் பாக்கெட்டுக்கும் நடுவில் கொச்சி ஏலம் இருக்கிறது, மொத்தமாக வாங்கிக் கலந்து பெயர் ஒட்டும் கம்பெனிகள் இருக்கின்றன. கொழுந்து எடுப்பவருக்கும் டீ ஆற்றுபவருக்கும் விலை சொல்லும் உரிமை கிடையாது, நடுவில் இருப்பவர்களுக்கு உண்டு. இதைப் பாட்டிக்குச் சொல்லி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அதன் பிறகு முதலாளித்துவம் என்ற சொல்லை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏகாதிபத்தியத்துக்கு எங்கள் வீட்டுக் கதையே போதும். பீர்மேடு மலையில் வெள்ளைக்காரர்கள் முதலில் போட்டது காப்பி. இலை நோய் வந்து காப்பி அழிந்தபின் தேயிலை. காட்டை வெட்டவும் கொழுந்து எடுக்கவும் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைப் பக்கத்திலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தார்கள். அந்தக் கடன் தீர்வதற்குள் அடுத்த தலைமுறை பிறந்துவிடும். என் தாத்தாவின் அப்பா அப்படி வந்தவர். லாபம் கப்பலேறி லண்டன் போனது, தேயிலைக்கு விலை சொன்ன பெரிய ஏலமும் அங்கேதான் நடந்தது. 1998-ல்தான் அந்த லண்டன் ஏலம் நின்றது.

சுதந்திரம் வந்த பிறகும் எங்கள் அடுப்பு தூரத்தில் நடக்கும் விஷயங்களை நம்பித்தான் எரிந்தது. தென்னிந்தியத் தேயிலைக்குப் பெரிய வாடிக்கை சோவியத் யூனியன். 1991-ல் அது உடைந்தது. 1998-ல் இலங்கையோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது, 2000-ல் அமலுக்கு வந்தது. விலை சரிந்தது. விலை நன்றாக இருந்த காலத்தில் லாபத்தை எடுத்துக்கொண்டு, கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிப் புதிது நடாமல் விட்டவர்கள், விலை விழுந்ததும் சாவியை எடுத்துக்கொண்டு போனார்கள். பீர்மேட்டில் வரிசையாகத் தோட்டங்கள் மூடின. எங்கள் தோட்டமும் 2000 கடைசியில் மூடியது. அப்பா வேலை பார்த்த ஃபேக்டரிச் சங்கு காலையில் ஊதாமல் போனதுதான் எங்களுக்கு நோட்டீஸ். நான் கம்பத்தில் தங்கிப் ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன், அதோடு படிப்பு நின்றது. அப்பா திருப்பூருக்குப் போனார். அம்மாவும் நானும் சித்தி வேலை செய்த பக்கத்துத் தோட்டத்து லயத்துக்கு வந்தோம். 22 வருஷம் கொழுந்து எடுத்த அம்மாவுக்குக் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது தர வேண்டிய பணிக்கொடை, இன்றுவரை வரவில்லை. மாஸ்கோவில் நடந்ததற்கும் எங்கள் வீட்டுக் கஞ்சிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கிராஜுவிட்டி பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். எங்கள் வேலையில் அதிகம் பயன்பட்டது இதுதான். அப்போது இருந்தது 1972-ல் வந்த சட்டம். ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை செய்திருந்தால், ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் கூலி. தினக்கூலிக்காரருக்குக் கணக்கு சுலபம்: கடைசித் தினக்கூலியை 15-ஆல் பெருக்கி, அதை வருஷத்தால் பெருக்க வேண்டும். சித்தி 2015-ல் ரிட்டையர் ஆனபோது தினக்கூலி 232 ரூபாய். 27 வருஷம் வேலை. 93,960 ரூபாய் வர வேண்டும். ஆபீசில் நீட்டிய காகிதத்தில் 66,120 என்று இருந்தது. 19 வருஷத்துக்குத்தான் போட்டிருந்தார்கள். முதல் எட்டு வருஷம் தற்காலிகம், அது சேராது என்றார்கள்.

சேரும். தற்காலிகமோ நிரந்தரமோ, ஒரு வருஷத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த வருஷம் கணக்கில் வர வேண்டும். ஆனால் வேலை செய்ததற்குச் சாட்சி? செக்ரோல் என்கிற வருகைப் பதிவேடு அவர்கள் கையில் இருக்கிறது, பழையது கறையான் அரித்துவிட்டது என்கிறார்கள். சித்தியின் தகரப்பெட்டியைக் கவிழ்த்தோம். ஒரு கல்யாணப் புடவைக்கு அடியில், மஞ்சள் பையில், ரப்பர் பேண்டு போட்டு எல்லாம் இருந்தது: எட்டு வருஷத்துப் போனஸ் சிட்டை, தோட்டத்து டிஸ்பென்சரிச் சீட்டு, பி.எஃப். சீட்டு, கம்பளி வாங்கியதற்குச் சம்பளத்தில் பிடித்த துண்டுக் காகிதம்கூட. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார் சித்தி. ஆனால் தோட்டத்து முத்திரை உள்ள எந்தக் காகிதத்தையும் அவர் அடுப்பில் போட்டதில்லை. அவற்றை வருஷவாரியாக அடுக்கி, நகலெடுத்து, லேபர் ஆபீசில் மனு போட்டோம். நாலு தடவை விசாரணை. நிர்வாகத்தின் ஆள் இரண்டு தடவை வரவேயில்லை. பதினாலு மாதம் கழித்து 27 வருஷத்துக்கான பணமும், தாமதத்துக்கு வட்டியும் வந்தது. அந்த வருஷம் மட்டும் எங்கள் வரிசையில் பதினோரு வீட்டுத் தகரப்பெட்டிகள் திறந்தன. அசல் காகிதத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள், சங்கத் தலைவரிடம்கூட. நகல் போதும்.

மனுவைத் தமிழிலேயே எழுதினோம். இது பலருக்குத் தெரியாது. கேரளத்தில் 1969-ல் வந்த ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் பகுதியிலுள்ள அரசு அலுவலகங்களுக்குத் தங்கள் மொழியிலேயே எழுதலாம், பதிலும் அந்த மொழியில் வர வேண்டும். முதலில் வாங்க மறுத்தார்கள், "மலையாளத்தில் எழுதி வாங்க" என்றார்கள். சட்டத்தின் பெயரையும் வருஷத்தையும் மனுவின் முதல் வரியிலேயே போட ஆரம்பித்த பிறகு மறுப்பது குறைந்தது. இதில் எங்கள் சங்கத்தின் மேலும் எனக்குக் கோபம் உண்டு. பல வருஷம் ஒப்பந்தங்களை மலையாளத்தில் மட்டும்தான் கொண்டுவந்தார்கள், பெண்களிடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருமுறை கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது, அதில் தினம் எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோ கணக்கையும் ஏற்றியிருக்கிறார்கள் என்று. இப்போது எங்கள் டிவிஷனில் தமிழில் சத்தமாக வாசித்துக் காட்டாத எந்தக் காகிதத்திலும் யாரும் கை வைப்பதில்லை.

மொழி என்றதும் 2011 டிசம்பர் ஞாபகம் வருகிறது. முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்த நாட்கள். கம்பம், கூடலூரிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் குமுளியை நோக்கி நடந்தார்கள். அங்கே மலையாளிகளின் கடைகள் உடைந்தன, இங்கே தமிழர்களை மிரட்டினார்கள். தினமும் ஜீப்பில் மலையேறி ஏலக்காட்டுக்கு வரும் கம்பம் பள்ளத்தாக்குப் பெண்களுக்கு வாரக்கணக்கில் வேலை போனது. எங்கள் லயத்தில் சில குடும்பங்கள் மூட்டை கட்டிவிட்டன. அப்போது ஏலப்பாறையிலிருந்து ஐந்து மலையாளித் தோழர்கள் வந்தார்கள், அதில் ஒருவர் ரப்பர் வெட்டும் தொழிலாளி. ஆறு ராத்திரி லயத்து வாசலில் தீ மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். "நிங்ஙள் உறங்ஙிக்கோ, ஞங்ஙள் இவிடெ உண்டு" என்றார் அவர், எங்களைத் தூங்கச் சொல்லி. நாங்கள் தூங்கினோம். குழந்தைகளும் தூங்கினார்கள்.

அவர்கள் திடீரென்று வந்தவர்கள் இல்லை. 2008-ல் அவர்கள் தோட்டத்தில் சம்பளம் நிலுவையானபோது எங்கள் பெண்கள் சுண்டல் அவித்துக்கொண்டு போய்ப் பந்தலில் உட்கார்ந்தார்கள். தமிழன், மலையாளி ஒற்றுமை வேண்டும் என்று கலவரம் வந்த அன்றைக்குப் போய்ப் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். ஒருவர் பந்தலில் ஒருவர் போய் உட்காருவது அதற்கு வெகு முன்னாலேயே நடந்திருக்க வேண்டும்.

2015 செப்டம்பரில் மூணாறில் பெண்கள் எழுந்தது எல்லோருக்கும் தெரியும். போனஸை வெகுவாக இறக்கி 10 சதவீதம் என்று அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பொம்பிளை ஒருமை என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சங்கத் தலைவர்களைக் கிட்டவே விடவில்லை. ஒன்பது நாளில் 20 சதவீதம் வாங்கினார்கள். அடுத்து நடந்த கூலிப் பேச்சில் எல்லாச் சங்கங்களும் இறங்க வேண்டி வந்தது, அக்டோபரில் தேயிலைக் கூலி 232-லிருந்து 301 ஆனது. கேட்டது 500.

நாங்கள் நாலு பேர் பஸ் மாறி மாறிப் போய் இரண்டு நாள் அவர்களோடு உட்கார்ந்தோம். நான் ஒரு சங்கக்காரி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. ஒரு அக்கா என்னிடம் கேட்டார், "உங்க கமிட்டியில பொம்பளைங்க எத்தனை பேர்?" பதினோரு பேரில் இரண்டு பேர். கொழுந்து எடுப்பவர்களில் ஏறக்குறைய எல்லோருமே பெண்கள். திரும்பி வந்து அதைத்தான் முதலில் மாற்றினோம், சண்டை போட்டுத்தான். கமிட்டிக் கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு நடந்துகொண்டிருந்தது. சோறு வடித்து, பிள்ளைகளைப் படுக்க வைக்கும் நேரம் அது. ஆண்கள் வருவார்கள், பெண்களுக்குக் கூட்டம் பிடிக்காது என்று பேசிக்கொள்வார்கள். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மாற்றினோம், அரை மணி நேரத்துக்கு மேல் கிடையாது. பெண்கள் வந்தார்கள். சந்தா நோட்டு இப்போது இரண்டு பெண்களிடம் இருக்கிறது. மாதக் கடைசி நிறுவையில், கொழுந்து லாரி வரும்வரை காத்திருக்கும் நேரத்தில், வரவு செலவைச் சத்தமாக வாசிக்கிறார்கள். ஜீப் வாடகை 600 என்றால் எங்கே போக, யார் போனார்கள் என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

மூணாறு அமைப்பு பிறகு பிளவுபட்டது, அந்த வேகம் நிலைக்கவில்லை. அதைச் சொல்லி அந்தப் பெண்களைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவர்கள் காட்டியதை எங்கள் பழைய சங்கங்கள் ஐம்பது வருஷத்தில் காட்டவில்லை. அதேபோல, நம்ம கட்சி ஆட்சிக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1958-ல், கேரளத்தின் முதல் கம்யூனிஸ்ட் அரசு இருந்தபோதே, மூணாறு வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டுத் தொழிலாளர்கள் செத்தார்கள். ஆட்சியில் யார் இருந்தாலும் தராசு முன்னால் நாம்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

செய்ய முடியாமல் கிடப்பதும் நிறைய. 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தரச் சொன்னது. எங்கள் லயங்களில் இன்றும் ஒரு ரூம், ஒரு அடுப்படி, தகரத்தில் ஓட்டை. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். அன்றிலிருந்து பெருமழை ராத்திரிகளில் நாங்கள் முறை வைத்து விழித்திருக்கிறோம். அந்த 1951 சட்டத்தையும் 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைத்துவிட்டார்கள். வீடு கேட்டு நாங்கள் கொடுத்த மனு இன்னும் மேசை மேலேயே கிடக்கிறது.

இப்போது எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பிள்ளைகள். எங்கள் பிள்ளைகள் கோயம்புத்தூர், எர்ணாகுளம் என்று போய்விட்டார்கள். "இவங்க வந்துதான் கூலியைக் கெடுக்கிறாங்க" என்று எங்கள் ஆட்களே பேசுவதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது. கங்காணி கூட்டிவந்த நம் பாட்டன்களைப் பற்றியும் இதையேதான் பேசியிருப்பார்கள். அந்தப் பிள்ளைகளையும் ஒரு ஆள் முன்பணம் கொடுத்துத்தான் கூட்டி வருகிறார்.

போன ஜூலையில் நிறுவைக்குப் போயிருந்தேன். சித்தி ரிட்டையர் ஆகிவிட்டாலும் தற்காலிகமாகக் கொழுந்துக்குப் போகிறார், பேத்தி படிப்புக்கு. அவருக்கு முன்னால் ஜார்க்கண்ட்காரப் பெண் ஒருத்தி, வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. புது சூப்பர்வைசர் நேரே கொழுந்துச் சாக்கை மாட்டப் போனார். சித்தி அவள் தோளைத் தொட்டு, காலிச் சாக்கைக் காட்டி, தராசுக் கொக்கியைக் காட்டி, ஒரு விரலை உயர்த்தினார். அந்தப் பெண் சூப்பர்வைசரைப் பார்த்து, "பெஹலே யே", முதலில் இது, என்று இந்தியில் சொல்லிக் காலிச் சாக்கை நீட்டினாள். பின்னால் நின்றிருந்த நிரந்தரத் தொழிலாளர்கள் நாலு பேர் தராசுக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. அவர் சாக்கை வாங்கி மாட்டினார். ஒரு கிலோ நானூறு கிராம். சித்தி அதை உரக்கச் சொல்ல, நோட்டு வைத்திருந்தவள் எழுதிக்கொண்டாள்.